கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் ஆறு

ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த குமரகுருபரனின் செருப்புக்குள் ஒரு சரளைக்கல் கிடந்தது. சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் அதை அவருக்குச் சொல்லவில்லை. பகல் முழுக்க அதன்மேல் நின்றே டிக்கெட் கிழித்தார். புண் ஆறாமல் கறுத்தபோது, "செத்த சதையை வழித்தால் அடியில் ரத்தம் வரவேண்டும். வராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான்" என்றார்கள் டாக்டர்கள். அவர் மனைவி பார்வதி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

பாளையங்கோட்டைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் சத்தியநேசன் அப்போது ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அழுத்தம் கூட்டிய ஆக்ஸிஜன் இத்தகைய புண்ணை ஆற்றுமா என்பதே கேள்வி. பாதிப் பேருக்கு வழக்கமான கட்டு மட்டும். மீதிப் பேருக்குக் கட்டோடு, ஞாயிறு தவிர தினமும் படுத்துக்கொள்ள ஆக்ஸிஜன் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். சீட்டுக் குலுக்கியதில் குமரகுருபரனுக்குக் குழாய் விழுந்தது.

கதவு மூடியதும் காது அடைக்கும். தாமிரபரணியில் ஆழ முங்கும்போது வருகிற அதே அடைப்பு. கண்ணை மூடினால் பச்சைத் தண்ணீர். அவருடைய பஸ் ஆற்றின் அடியில் ஓசையில்லாமல் போகும். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்புகள் பாசிபோல் அசையும். அவர் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருப்பார். விழித்தால், தண்ணீருக்கு மேலிருந்து எட்டிப்பார்ப்பதுபோல் பார்வதியின் முகம் கலங்கித் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, நர்ஸ் டார்லின் அவர் தலையைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, நல்லெண்ணெயா இது?"

பார்வதி முந்திக்கொண்டாள். "குழாய்க்குள்ள அடைஞ்சு கிடந்து உடம்பு சூடேறிட்டுல்லா. குளிரட்டும்னு நாந்தான் தேய்ச்சு விட்டேன். சீயக்காய் போட்டு அலசியாச்சு தாயி."

"அலசினாலும் முடிக்குள்ள நிக்கும்க்கா. உள்ள பூரா ஆக்ஸிஜன். ஒரு பொறி போதும், பத்திக்கிடும். எண்ணெய் கூடாதுன்னு சொன்னேன்லா."

"தேய்ச்சுக் குளிச்சிட்டா அது எண்ணெயில சேராதுன்னு நினைச்சேன்."

"இன்னைக்கு விடமாட்டேன். திங்கக்கிழமை வாங்க."

"டிக்கெட் இல்லாம ஏறுனா நானும் இறக்கித்தான் விடுவேன். வா போவோம்" என்றார் குமரகுருபரன். வராந்தாவில் பார்வதி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நாள் போச்சே. என் கையாலேயே இந்தக் காலை எடுத்துட்டேனா?" அவர் அவள் தோளைத் தட்டினார். ஞாயிறு முழுக்க அவள் அவர் தலையை அலசிக்கொண்டே இருந்தாள்.

சில வாரங்கள் கழித்து சத்தியநேசன் புண்ணின் செத்த சதையைக் கத்தியால் வழித்தார். பார்வதி சுவரைப் பிடித்து நின்றாள். கறுப்பு உரிந்த இடத்தில் சிவப்பு ஒரு துளியாகத் திரண்டு, மெல்ல ஒழுகியது.

"காலை எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

"எல்லாம் அந்தக் குழாயாலதானா டாக்டர்?"

"தெரியாது அண்ணாச்சி. வெறும் கட்டுலயும் சிலருக்கு ஆறுது. எல்லாரையும் பாத்து முடிச்சுதான் சொல்லணும்."

"பைய பாத்துச் சொல்லுங்க."

பார்வதியின் காதில் எதுவும் விழவில்லை. துடைக்கப் பஞ்சோடு குனிந்த டார்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறு தாயி" என்றாள், கண்ணீரோடு. "இன்னும் கொஞ்சம் வரட்டும்."