மூன்றாவது வரிசையில் என் மகள்

எங்கள் சபை ஆண்டு விழாவில் ஒரு பழைய சோக நாடகம் போட்டோம். மகளைத் துரத்திவிட்டு, பிறகு தேடிப்போய் அவள் பிணத்தைக் காணும் ராஜா வேஷம் எனக்கு. கோபத்தில் செய்ததைத் திருத்த நேரம் கிடைக்காமலே போகலாம் என்று ஒத்திகையில் எல்லோருக்கும் நானே விளக்கினேன். ஆனால் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட என் மகளோடு இரண்டு வருஷமாக நான் பேசவில்லை.

திரை விலகியதும் மூன்றாவது வரிசையில் அவளைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். “வெளியே போ” என்ற வசனம் நெருங்க நெருங்க, எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

நாடகம் முடிந்ததும் கிரீடத்தோடேயே வாசலுக்கு ஓடினேன். ஆட்டோவில் ஏறப்போனாள்.

“வீட்டுக்கு வாம்மா,” என்றேன்.

“அவரும் வந்திருக்காருப்பா. இன்னா பண்றது?”

ஆட்டோவுக்குள் குனிந்து, மருமகனிடம் முதல்முறையாகப் பேசினேன். “நீங்களும் வாங்க.”