லம்துவன் சீனத்தி அல்ல

லம்துவன் பச்சைப் பப்பாசியை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கத்தியால் கொத்துகிறாள். பிறகு ஒரே இழுப்பு; தும்புதும்பாக உரலுக்குள் விழுகிறது. அதன்மேல் புளிக்கவைத்த மீனின் சாற்றை ஊற்றும்போது கணவர் இரவிச்சந்திரன் யன்னலைத் திறக்க எழும்புவார்.

"இஞ்சப்பா, கருவாடு பொரிக்கேக்க மட்டும் ஏன் திறக்கிறேல்லை?" என்பாள். அவளுடைய யாழ்ப்பாணத் தமிழில் ஒவ்வொரு வசனமும் கடைசியில் ஒரு படி ஏறி நிற்கும்.

பிறந்தது தாய்லாந்தின் வடகிழக்கு, இசான். கறுப்பு என்பதற்காகவும் சோற்றைக் கையால் உருட்டித் தின்பதற்காகவும், பாங்கொக்கில் வீட்டுவேலை கொடுத்தவர்கள் அவளை 'லாவோஸ்காரி' என்றார்கள். மொன்றியலில் கணவரின் உறவினருக்கு அவள் 'சீனத்தி'.

"சீனம் இல்லை, மச்சாள். தாய்லாந்து. உங்கட தம்பி விசா இல்லாமல் ஒளிச்சிருந்த நாடு." சிரித்துக்கொண்டேதான் திருத்துவாள்.

துறைமுகத்தருகே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்தினால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றி, ஆறுதலாக மறுபடி மாட்டுவாள்.

போன ஞாயிறு, புறநகரான கர்க்லாண்டிலிருந்து மச்சாள் பாலாம்பிகை பட்டுச் சேலையும் மண்டபத் திகதியுமாக வந்து இறங்கினார். லம்துவனின் மகள் வினோஜா பெரியபிள்ளை ஆகிவிட்டாள். சாமத்தியவீடு வைக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் நடந்ததை மண்டபம் பிடித்து ஊருக்கு அறிவிப்பதற்கு வழக்கம் என்று பெயர். பிள்ளையைக் கேட்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

தம்பியைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் பாலாம்பிகை. மறுத்தால் இனி இந்த வாசல் மிதிக்கமாட்டேன் என்றார். இரவிச்சந்திரன் எழும்பிப்போய் யன்னலைத் திறந்தார்.

லம்துவன் மகளிடம் திரும்பினாள். "நீ என்ன சொல்லுறாய்?"

"நோன். வேண்டாம், மாமி. ஸ்கூலில எல்லாரும் அந்தப் படங்களைப் பார்ப்பினம்."

"சின்னப்பிள்ளையிட்டக் கேக்கிற விசயமே இது?" பாலாம்பிகை சீறினார். "உனக்கு எங்கட முறை தெரியாது."

"தெரியும், மச்சாள். எத்தினை சாமத்தியவீட்டில வந்து நிண்டனான்! எங்கட ஊரிலயும் ஒரு முறை இருக்கு. கேக்காமல் இன்னொராளின்ர தலையில கை வைக்கப்படாது."

"நான் மாமி. சடங்கில பிள்ளையின்ர தலையில பாலும் அறுகம்புல்லும் வைக்கிற கை இது. எனக்கென்ன கேள்வி?" பாலாம்பிகை வினோஜாவின் உச்சியை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"நான் வைக்கட்டோ?" என்று லம்துவன் மகளைக் கேட்டாள்.

"ஓம், அம்மா."

லம்துவன் தன் உள்ளங்கையை அந்தத் தலைமேல் விரித்து வைத்தாள். மச்சாளின் விரல்கள் அதில் வந்து முட்டி நின்றன.