நடு ஸ்டூல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்து கோணும், நடந்ததில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜா ரோலாவில் எங்கள் சின்ன வீட்டில் மெஸ் நடத்தினேன். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த இரண்டு பேர் எங்களோடு சாப்பிட்டார்கள். ஒருவர் நாகர்கோவில் எலக்ட்ரீசியன். இன்னொருவர் ராமநாதபுரத்துத் தம்பி. அவர் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு விசா கிடைக்கும்வரை சும்மா வந்து சாப்பிடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பிரிண்டிங் கடையில் வேலை. யாரோ வாங்காமல் விட்ட பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிடும் படம். இத்தாலியில் துறவிகள் சாப்பிடும் கூடத்தில், ஈரச் சுண்ணாம்புச் சுவரிலேயே ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் வரைந்ததாம். அவர்கள் கூடமே சுவருக்குள் நீள்வது போலத் தெரியுமாம்.

எங்களுக்கு இடம் ஏது? மேசையைப் படத்தோடு ஒட்டிப் போட்டோம். இரண்டு ஓரத்திலும் இவரும் எலக்ட்ரீசியனும். நடு ஸ்டூலில், சுவரைப் பார்த்தபடி தம்பி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எலக்ட்ரீசியன் படத்தை உற்றுப் பார்த்தார். எல்லாரும் மேசைக்கு அந்தப் பக்கம். ஒருவன் மட்டும் இந்தப் பக்கம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் இல்லை.

"அது காட்டிக்கொடுத்த யூதாசுல்லா. தம்பி, ஒனக்கு ஜோடி சேந்தாச்சு. ஓசிச் சோத்துக்கு ஏத்த எடந்தான்" என்றார்.

தம்பி சிரித்தார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். ராத்திரி வரவில்லை, மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் பசியில்லை என்றார். வேலையில்லாதவருக்கு வேறு எங்கே சோறு? குழம்பைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் சூடாக்கி எனக்கு அலுத்துப்போயிற்று.

ஆண்கள் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுவதுதான் என் வழக்கம். அன்று ராத்திரி கால் கடுத்தது. தட்டோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நின்று பரிமாறும்போது கோணலாகத் தெரிந்த படம் அங்கிருந்து நேரானது. கூரைக் கோடுகளெல்லாம் ஆண்டவரை நோக்கி ஓடின. எங்கள் அறையும் உள்ளே நீண்டது. யூதாசைப் பார்த்தேன். அவன் முன்னாலும் ஒரு அப்பம்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"இனிமே நடு ஸ்டூல்ல நான் ஒக்காந்துக்கிடுதேன். நீங்க ஓரத்துக்கு வாங்க. அந்த யூதாசு முன்னாலயும் அப்பம் வச்சுத்தான் இருக்கு தம்பி."

போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மத்தியானம் நான் நடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, சாப்பாட்டுக்கு வந்து நின்றார்.

"எந்திரிங்கம்மா. அது என் எடம்."

எலக்ட்ரீசியன் தன் மீனை அவர் தட்டில் வைத்தார். நான் எழுந்து, பழையபடி நின்று பரிமாறினேன்.

வீடு மாறியபோது படம் கிழிந்துவிட்டது. யூதாசின் காலடியில் சின்னதாக ஏதோ இருந்தது; அது பூனையா, அச்சு மைக்கறையா என்று இப்போது நிச்சயமில்லை. இத்தாலியில் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.