தரையில் காது வைப்பவள்

தங்கை அழாத குறையாகப் போனில் சொன்னபோதுதான் பெரியத்தை அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டாள். "அக்கா, என் மருமகளைக் கடையில பல்லின்னு கூப்பிடுறாங்களாம். இவளும் 'என்ன சார்'னு போய் நிக்கிறா!"

பெரியத்தைக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். ஸ்பீக்கர் கடையில் பில் போடும் பெண்ணுக்கு ஏன் அந்தப் பெயர் என்று, கீழ்வீட்டு வக்கீல் அதே கடையில் ஹோம் தியேட்டர் வாங்கிய பிறகுதான் விளங்கியது.

சப்வூஃபர் என்று முட்டுக்கால் உயரப் பெட்டி ஒன்று அதில் உண்டு. கனத்த ஓசையெல்லாம் அதன் பொறுப்பு. மாட்ட வந்த ஆட்கள் அதை மூலையில் தள்ளி, குமிழை முழுக்கத் திருகிவிட்டுப் போய்விட்டார்கள். படத்தில் யாரோ கதவைச் சாத்தினால் மாடியில் பெரியத்தையின் தட்டுகள் ஆடின. வசனமோ ஒன்றும் புரியவில்லை. திருப்பி எடுத்துப் போங்கள் என்று வக்கீல் கத்த, "நான் போறேன்" என்றிருக்கிறாள் மருமகள். "சரி பண்ணினா இனிமே வீடுகளுக்கு நீ போ. இல்லேன்னா பில் மேசையை விட்டு நகரக்கூடாது" என்றாராம் முதலாளி.

சனிக்கிழமை காலையில் மருமகள் வந்தாள். பெரியத்தையும் வேடிக்கை பார்ப்பவள்போலக் கீழே இறங்கி வந்தாள். இவள் நம் வீட்டுப் பெண் என்று மூச்சு விடவில்லை.

"பில் போட்ட பொண்ணுதானே நீ?" என்றார் வக்கீல்.

"ஆமா சார். கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?" எழுந்தவரின் சோபாவில் பெட்டியைத் தூக்கி உட்காரவைத்தாள்.

"அது என் இடம்மா!"

"உங்க இடத்துலதானே சார் நல்லாக் கேக்கணும்? அதான் பெட்டி அங்க இருக்கட்டும். பெட்டிக்கு எது இடம்னு நான் தேடுறேன்."

பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழத் தொடங்கினாள். காது தரைக்கு ஒரு சாண் மேலே. வக்கீல் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கடையிலும் இப்படித் தவழ்ந்துதான் பல்லி ஆனாள் போலும் என்று பெரியத்தைக்கு முகம் சுருங்கியது. "மூலையில உறுமுது." இன்னும் நகர்ந்தாள். "ஜன்னல்கிட்ட சத்தத்தையே காணோம்." காய்ச்சல்காரக் குழந்தையின் நெஞ்சில் காது வைத்தவள்போல இருந்தது அவள் முகம். அதைப் பார்த்த பிறகு, தவழ்வது பெரியத்தையின் கண்ணில் படவில்லை.

புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். "இங்கதான்."

பெட்டி அங்கே போயிற்று. குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். ரிமோட்டில், பெட்டியின் கனத்த ஓசைக்கு எல்லையாக, எண்பது என்று ஓர் எண் வைத்தாள். "சின்ன ஸ்பீக்கருங்களால சுமக்க முடியாததை மட்டும் இவன் வாங்கிக்கணும் சார். எல்லாத்தையும் இவனே தூக்கினா பேச்சு அமுங்கிடும்." பெட்டியின் பின்பக்கம் ஒரு பொத்தானை இப்படியும் அப்படியும் தட்டிக் கேட்டாள். "இப்பதான் பெட்டியும் ஸ்பீக்கருங்களும் சேர்ந்து தள்ளுது."

படம் ஓடியது. இடி வயிற்றுக்குள் இறங்கியது. அந்த மழைக்குள் ஒருத்தி உதட்டோரமாக முணுமுணுத்ததும் சுத்தமாகக் கேட்டது. வக்கீல் காட்சியை மறுபடி முதலிலிருந்து வைத்தார். அது முடிந்ததும் முதலாளிக்குப் போன் போட்டார். "இனிமே என் வீட்டுக்கு இவங்களைத் தவிர யாரையும் அனுப்பாதீங்க."

"எங்க வீட்டு மருமக!" என்று பெரியத்தைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சொல்லவே இல்லையே?" என்றாள் வக்கீல் மனைவி.

பெரியத்தை குனிந்து, மருமகளின் முழங்கால் தூசியைத் தன் முந்தானையால் தட்டிவிட்டாள்.

இப்போது பில் மேசையில் வேறு ஆள் இருக்கிறார். மருமகள் ஊருக்கு வெளியே, ஒரு டாக்டரின் புது வீட்டில் ஸ்பீக்கர் வேலையில் இருக்கிறாள்.