நானூற்றுப் பதினேழாம் நம்பர்க்காரி

பாப்பம்மாக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. வரட்டும். கலஹா பஜாரில் போட்டோ கொப்பி எடுத்தும் படிவம் நிரப்பியும் பிழைக்கிறவள் நான். எத்தனையோ ஆயிரம் படிவம் நிரப்பியிருப்பேன். அவளுக்கு நிரப்பிக் கொடுத்ததை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. மேலே ஆலங்கல் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அந்தத் தோட்டக் கம்பெனி தனக்கென்று ஓர் ஓய்வூதிய நிதியம் வைத்திருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள், அறுபது வயதுக்குப் பிறகு சாகும்வரை காசு வரும் என்பது பேச்சு. 2020இல் முழங்கால் விட்டுப்போய் பாப்பம்மாக்கா வேலையை நிறுத்தினாள். அறுபது முடியட்டும், கேட்கலாம் என்று இருந்தாள். அடுத்த வருஷமே கம்பெனி படுத்துவிட்டது. நிதியத்தைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. தின்று ஏப்பம் விட்டிருந்தார்கள்.

அதன்பிறகு அவள் அந்த முழங்காலோடு தனியார் தோட்டங்களுக்குக் கைக்காசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றன்று எடுத்த கொழுந்துக்கு அன்றன்றே கூலி. ஒரு நாள் போனால் மூன்று நாள் காலை நீட்டிக்கொண்டு கிடப்பாள். போன வருஷம், இப்படி விழுந்துபோன நிதியங்களின் அங்கத்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவி கொடுக்கும் என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாக என் கடைக்கு வந்தவள் அவள்தான். ஒரு சொப்பிங் பேக் நிறைய, 417 என்று வேலை நம்பர் போட்ட சம்பளத் துண்டுகள். முப்பத்தொரு வருஷத்துத் துண்டுகளையும் எலி கடிக்காமல் வைத்திருந்தாள்.

"இந்தக் காசு வந்துட்டா மல ஏறுறத விட்டுருவேன் நிரோஷா புள்ள. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள்.

நிரப்பி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. 417ஆம் இலக்க அங்கத்தவரின் பெயர் பாலம்மா, பிறந்த வருஷம் 1939, அவர் 2004இல் இறந்துவிட்டார், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பாலம்மா என்பது இவளுடைய அம்மா.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயமே இல்லை. லயத்துக் காம்பரா, கம்பெனி கொடுக்கிற அந்த ஒற்றை அறை வீடு, வேலை செய்கிறவர் பேரில்தான் இருக்கும். வேலை நின்றால் காம்பராவும் கைவிட்டுப் போகும். அதனால் தாய்க்கு முடியாமல் போனால் சத்தமில்லாமல் மகள் அவள் நம்பரில் இறங்கிவிடுவாள். கொழுந்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் தெரியும். நிறுக்கிற இடத்தில் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள், பேரை யார் கேட்டார்? 1989இல் பாப்பம்மாக்கா இப்படித்தான் 417க்கு வந்தாள். இடையில் ஒரு தடவை பேரை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பேரை மாற்றினால் காம்பராப் பதிவையும் கிண்ட வேண்டிவரும், பேசாமல் இரு என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். 2020இல் அதே நம்பரைத் தன் மகள் கலாராணிக்குக் கொடுத்தபோது மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல அவ்வளவு சந்தோஷம்.

கடிதம் அனுப்பிய கண்டிக் கந்தோருக்கு நாங்கள் நாலு தடவை போனோம். கலஹாவிலிருந்து பேராதனை, பேராதனையிலிருந்து கண்டி. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கடை பூட்டு, அவளுக்குக் கைக்காசு போச்சு. தோட்டத்துக் கடிதம் கொண்டுவா என்றார்கள். புதிதாகத் தோட்டத்தை எடுத்தவர்கள் பழைய கம்பெனியின் புத்தகம் எங்களிடம் இல்லை என்றார்கள். கிராம சேவகர், அவள் அந்த லயத்தில் வசிக்கிறாள் என்று எழுதுவேன், வேலை செய்தாள் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது? எண்பத்தொரு வயதுக் கிழவி, அதுவும் செத்துப் பதினாறு வருஷம் ஆனவள், மலை ஏறிக் கொழுந்து எடுத்தாளா என்று காசு வெட்டும்போது ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. கொடுக்கும்போது மட்டும் கண் தெரிகிறது.

நாலாவது தடவை போனதுதான் கடைசி. மேசையில் இருந்த உத்தியோகத்தர் பிரியாந்தினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பிள்ளைதான். எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். மேலதிகாரிகளிடம் கேட்டுப் பார்த்ததாகவும் ஒரு வழி இருப்பதாகவும் சொன்னாள். பாப்பம்மாக்கா இறந்தவருடைய வாரிசாகக் கையெழுத்து வைத்தால் 2004 வரைக்கும் கணக்குப் பார்த்து ஒரே தடவையில் ஒரு சிறு தொகை கிடைக்கும். மாத உதவி இல்லை. கூடவே ஓர் உறுதிமொழி: நான் இந்த நிதியத்தில் எக்காலத்திலும் அங்கத்தவராக இருந்ததில்லை.

அதை நான் வாசித்துக் காட்டினேன். பாப்பம்மாக்கா அந்தப் பிள்ளையைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப அம்மா செத்த பொறகு பதினாறு வருசமா அந்த மலையில கொழுந்து எடுத்தது யாரும்மா?"

பிரியாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு விளங்குது அம்மா. ஆனா அதை எழுத இந்தப் படிவத்தில இடமில்லை" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். பாப்பம்மாக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள். முழங்காலுக்கு மருந்து வாங்கவாவது ஆகட்டும் என்றாள். நான்தான் நிரப்பினேன். என் கையால், நல்ல எழுத்தில். அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லயத்துக்குப் போவாள் என்று பார்த்தால், ஓட்டோவைப் பிடித்து நேரே தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு விடச் சொன்னாள். அவள் போன வேகத்தைப் பார்த்துப் பயந்து நானும் ஏறிக்கொண்டேன். பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை புது ஆள், புத்தகமும் புதுசு, ஆனால் அதில் எழுதியிருந்த பேரும் கூப்பிடுகிற நம்பரும் பழையதுதான்.

"நானூத்திப் பதினேழு" என்றார். கலாராணி முன்னுக்கு வந்தாள்.

பாப்பம்மாக்கா நொண்டி நொண்டிப் போய்த் தராசில் கை வைத்தாள். "பேரச் சொல்லி எழுதுங்கய்யா. கலாராணி."

பேரை மாற்றினால் காம்பராப் பதிவையும் மாற்ற வேண்டிவரும், தேவையில்லாத வேலை என்று அவர் ஆரம்பித்தார். கலாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள். வேணாம்மா, விடும்மா என்று தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"காம்பரா போனா போகட்டும்" என்றாள் பாப்பம்மாக்கா. "எழுதுங்க. எழுதாம இந்தத் தராசு ஆடாது."

வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரும் அசையவில்லை. கணக்கப்பிள்ளை அந்தப் பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் கலாராணியின் அடையாள அட்டையை வாங்கி, பாலம்மா என்ற பேரை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

பாப்பம்மாக்காவுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு நிரோஷா. இவ உசுரோட இருக்கான்னு அதுல இருக்கா?"

இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் தராசிலிருந்து கையை எடுத்தாள்.