முட்டைக்குள் போகாத பலம்

பிரிக்பீல்ட்ஸில் தனியாளாகச் சாப்பாட்டுக் கடை நடத்தியவள் என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. கிள்ளானில் என் மகன் திறந்த கடை ஒரே வருடத்தில் மூடியபோது, "நீ என் வயித்துல பொறந்தவனாடா?" என்று கேட்டவள் நான்.

முட்டிவலி என்னை வீட்டில் உட்கார வைத்த பிறகு, விநோதப் பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விடும் விளையாட்டு ஒன்றை அவன்தான் என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தான். மாதக்கணக்கில் பழக்கிய இரண்டு பலசாலிகளை ஜோடி சேர்த்தேன். முட்டை பொரிந்து வந்த குஞ்சோ முதல் சண்டையிலேயே சுருண்டு விழுந்தது.

"இந்த கேம் ஏமாத்துதுடா!" என்றேன்.

மகன் சிரித்தான். "இல்லம்மா. பிறவி பலம்தான் அம்மாகிட்டேர்ந்து கொஞ்சம், அப்பாகிட்டேர்ந்து கொஞ்சம் வரும். மிச்சம் அதிர்ஷ்டம். நீங்க பழக்கி ஏத்துன பலம் முட்டைக்குள்ள போகாது லா. குஞ்சு முதல்லேர்ந்து பழகணும்."

"ஐயோ பாவம், இப்பத்தானே பொறந்துச்சு! தோத்தா என்ன, மெதுவா கத்துக்கட்டும்" என்று திரையைத் தடவினேன்.

அவன் சிரிப்பு நின்றது. "எனக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா."

கடை மூடிய அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை.