பத்து டிகிரியா, இருநூற்று எண்பத்து மூன்றா?

பிளஸ் ஒன் இயற்பியல் படிப்பது சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கிற உத்தியோகம். அதிலும் வெப்பப் பாடம் நடக்கிற சமயத்தில், அறந்தாங்கி வெயிலில், ஃபேன் சுற்றாத வகுப்பில் உட்கார்ந்து, "ஒரு பொருள் எப்போது வெப்பத்தை இழக்கும்?" என்ற கேள்விக்கு வியர்வை சொட்டச் சொட்ட விடை எழுதியவர்களுக்குத்தான் இந்த வேலையின் அருமை தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாருங்கள், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் தருகிறேன்.

என் பெயர் நஸ்ரின். கைத்தொழில், அடுத்தவர் குரலில் பேசுவது. பஸ் கண்டக்டர், கோலா மீன் விற்கிறவர், எங்கள் தலைமையாசிரியை, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாரும் என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். இந்தக் குரல் என்பது என்ன, அது எப்படி உண்டாகிறது என்று படிக்கத்தான் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்தேன். ஒலியும் அலைகளும் புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன. வழியில் மறித்துக்கொண்டு நின்றது வெப்பம்.

சார் வந்துட்டார்

எங்கள் இயற்பியல் சாருக்கு நாங்கள் வைத்த பெயர் கெல்வின் சார். செல்சியஸில் ஒரு எண் கண்ணில் பட்டால் போதும், அதோடு 273 கூட்டிக் கெல்வினாக மாற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார். "செல்சியஸக் கண்டியா, இருநூத்தி எழுவத்து மூணக் கூட்டு! கூட்டிட்டு அப்புறம் யோசி! வெளங்குச்சா? வெளங்கலைன்னா வெளங்குனவங்கிட்டக் கேளு!" தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எங்கள் வகுப்பு இதை ஒப்பிக்கும்.

ஒருநாள் சார் வரத் தாமதமானது. நான் கதவுக்கு வெளியே நின்று, பேசுமுன் அவர் போடுகிற கனைப்பையும் போட்டு, "என்ன சத்தம் அங்கிட்டு? கூட்டு!" என்றேன். உள்ளே மொத்த வகுப்பும் தடதடவென்று எழுந்து நின்றது. நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நடந்து போய், "உக்காரு, உக்காரு. கடைசி பெஞ்சு, ஒனக்கு மட்டும் தனியாச் சொல்லணுமா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு மோசமாகவா செய்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்தபோதுதான், பின்னாலிருந்து அதே கனைப்பு கேட்டது. அசல் கனைப்பு.

சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வர்றதுக்கு முன்னாடியே நான் வந்துட்டேன் போலருக்கே?"

பப்பாளி

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு டம்ளர் கொதிக்கிற டீயைவிட, ஒரு தொட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் வெப்ப ஆற்றல் அதிகம் இருக்கலாம். இதைப் புரியவைக்க சார் ஒரு பீரியட் முழுக்கப் போராடினார். கடைசியில், "எங்க, நீங்களே ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்" என்றார். என் பக்கத்தில் இருக்கும் முத்துலட்சுமி எழுந்தாள். அவள் கை தூக்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

"பப்பாளி சார். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தா சில்லுன்னு இருக்கும். ஆனா பப்பாளி சூடு."

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது ஒடம்புச் சூடும்மா, அதுக்கும் இயற்பியலுக்கும் சம்பந்தம் இல்ல. தெர்மாமீட்டர அந்தப் பப்பாளில குத்திப் பாரு, என்ன காட்டும்?" முத்துலட்சுமி கொஞ்சமும் அசரவில்லை.

"தெர்மாமீட்டரு அதச் சாப்புட்டுப் பாத்தாத்தானே சார் தெரியும்?"

ரெண்டு மார்க்

இனிமேல் சொல்லப்போவதுதான் வயிற்றெரிச்சல். காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு: இரண்டு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? நிறையைத் தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறனான 4200-ஆல் பெருக்கி, வெப்பநிலை உயர்வாகிய பத்தால் பெருக்கினேன். விடை 84,000 ஜூல். சிவப்பு மையில் ஒரே வெட்டு. வகுப்பில் மற்ற எல்லாரும் அந்தப் பத்தோடு 273 கூட்டி, 283-ஆல் பெருக்கியிருந்தார்கள். அவர்களுக்கு முழு மார்க். எனக்கு இரண்டு மார்க் போச்சு. நான் பாஸாகக் குறைந்ததும் அதே இரண்டுதான்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். "சார், முப்பதோட கூட்டுனா முன்னூத்தி மூணு. நாப்பதோட கூட்டுனா முன்னூத்திப் பதிமூணு. கழிச்சுப் பாருங்க, அப்பவும் பத்துதான் வருது. வித்தியாசத்தோட எதுக்கு சார் கூட்டணும்?" சார் நிமிரவே இல்லை. "பத்துக்குப் பக்கத்துல செல்சியஸ் இருக்கா? இருக்குல்ல? அப்பக் கூட்டு." நான் நகரவில்லை. "தப்பு சார்" என்றேன். பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த வேதியியல் டீச்சருக்குப் புரையேறியது.

காலாண்டில் பெயிலானவர்களைக் குரூப் மாற்றுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். சார் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒன் வாய்க்குக் காமர்ஸ்தான் சரி, நாளைக்கு ஒங்கம்மாவக் கூட்டிட்டு வா, குரூப்ப மாத்திருவோம்."

சுக்கா வறுவல்

அம்மாவுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. "அங்கிட்டும் கணக்குத்தானே புள்ள? வாத்தியாருகிட்ட வம்பு எதுக்கு?" என்றார். முத்துலட்சுமி இன்னும் நல்ல யோசனை கொடுத்தாள்: ஃபோனில் நானே அம்மா குரலில் பேசி, ஒரு வாரம் வாய்தா வாங்கிவிடலாமாம். செய்ய முடியாதா என்ன? முடியும். ஆனால் என் விடை சரி. சரியான விடையை வைத்துக்கொண்டு நான் எதற்குப் பதுங்க வேண்டும்?

அன்று குவைத்திலிருந்து அத்தா வீடியோ காலில் வந்தார். அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கட்டட வேலை, துண்டு இன்னும் தலையிலேயே இருந்தது. "வெயிலு எப்படி அத்தா?" என்றேன். நேற்று நாற்பத்திரண்டு, இன்றைக்கு நாற்பத்தேழு என்றார். "அப்ப அஞ்சு டிகிரி கூடியிருக்கு. எங்க சார் கணக்குப்படி அது இருநூத்தி எழுவத்தெட்டு" என்று நடந்ததையெல்லாம், கெல்வின் சார் குரலிலேயே, ஒப்பித்தேன். அத்தா சிரித்த சிரிப்பில் ஃபோன் கைதவறி, கொஞ்ச நேரம் அவர் அறையின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்புட்டுக் கூடியிருந்தா ஒங்கத்தா இந்நேரம் சுக்கா வறுவலு, அம்மா நாளைக்கு வரமாட்டா, நீயே போயிச் சண்டையப் போடு."

போர்டு

மறுநாள் சார் அதே கணக்கை போர்டில் எழுதி, "யாரு வந்து போடுறீங்க?" என்றார். நான் எழுந்தேன். முத்துலட்சுமி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. நீ ஜெயிச்சா எங்க ரெண்டு மார்க்கும் போயிரும்." அவள் சொன்னது நியாயம்தான். சுற்றிலும் பார்த்தேன், ஒரு முகம்கூட என் கட்சியில் இல்லை. இருந்தாலும் போனேன்.

சாக்பீஸை எடுத்ததும் ஒன்று தோன்றியது. என் குரலில் ஆரம்பித்தால் பாதியிலேயே உட்காரச் சொல்வார். அவர் குரலை அவரே எப்படி நிறுத்துவார்? கனைத்தேன். "செல்சியஸக் கண்டியா, கூட்டு! பத்தோட கூட்டு! இருநூத்தி எம்பத்து மூணு. பெருக்கு. இருவத்து மூணு லட்சத்துச் சொச்சம் ஜூலு. சரி, இப்ப யோசி. முப்பது டிகிரித் தண்ணி ரெண்டு கிலோ கொதிநிலைக்கு வர எவ்வளவு வேணும்? ஆறு லட்சங்கூட வேணாம். மிச்சம் எங்க போச்சு? முக்கா லிட்டருக்கு மேல ஆவியாப் போச்சு! நாப்பது டிகிரில வெதுவெதுன்னு குளிக்கத் தண்ணி கேட்டா, கொதிக்கக் கொதிக்கத் தலையில ஊத்துறியே, வெளங்குச்சா?"

பழக்க தோஷம், மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது: "வெளங்குச்சு சார்!"

சார் முகம் சிவந்து, கறுத்து, பிறகு எந்த நிறத்துக்கும் வராமல் நின்றது. என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். போர்டின் ஓரத்தில் 313 எழுதினார், அதன் கீழ் 303 எழுதினார், கழித்தார். வந்த பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "சார், எங்க மார்க்கு?" என்று முத்துலட்சுமி ஈனஸ்வரத்தில் கேட்டாள். "நான் சொல்லிக் குடுத்த தப்ப ஒங்க தலையில எப்படிம்மா கட்டுறது? இருக்கட்டும்" என்றார். என் விடைத்தாளை வாங்கி அந்த வெட்டை அடித்து, பக்கத்தில் இரண்டு மார்க் போட்டார். நான் பல்லெல்லாம் தெரிய என் இடத்துக்குத் திரும்பினேன்.

"எங்க போற? கணக்கு ஒன்னுது, அதுக்கு மார்க்கு போட்டாச்சு. கொரலு என்னுது, அதுக்கு வெளிய போயி நில்லு."

ஆக, உடன் அவதிப்படும் தோழர்களே, எந்தக் கொம்பனாலும் என்னை ஃபர்ஸ்ட் குரூப்பை விட்டு வெளியே அனுப்ப முடியவில்லை, வகுப்பை விட்டு மட்டும்தான் முடிந்தது.